கொடியின் கடைசியில் பச்சைக் கைலி

மியான்மரின் யங்கோன் நகரத்து இந்தச் சந்தில், சந்தின் குறுக்கே கட்டிய கொடியில் தொங்கும் பெண்களின் கைலிகளைத் துளைத்துக்கொண்டு மாலை வெயில் விழுகிறது. அவற்றுக்கு அடியில் போனால் ஆண்பிள்ளையின் வீரம் வற்றிவிடுமாம். ஆட்சியைப் பிடித்த ராணுவத்தைத் தடுக்கத்தான் பெண்கள் இதைக் கட்டியிருக்கிறார்கள்; ராணுவக்காரர்கள் முனையிலேயே நிற்கிறார்கள். மாடி ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து எய்ந்திரா தங்கள் குறும்படத்தின் கடைசிக் காட்சியை ஃபோனில் எடுக்கிறாள். அவள் பக்கத்தில் நிற்கும் படத்தின் நாயகி நந்தார், கன்னத்துச் சந்தனம் காய்ந்து வெடிக்க, கொடியின் கடைசியில் ஆடும் பச்சைக் கைலியையே பார்க்கிறாள். அது அவளுடையது. "ஆம்பளையாப் பொறந்தவ கைலிக்கு எவன்டி பயப்படுவான்?" என்று கீழ்வீட்டுப் பெண்கள் கேட்டும் பிடிவாதமாகக் கட்டியது. சிப்பாய் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீள மூங்கிலால் கைலிகளை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறான். பச்சைக்கு வந்ததும், ராணுவத்தோடு வந்திருக்கும் வட்டாரத் தலைவர் குழைகிறார்: "இத சும்மா கையாலயே எடுங்க சார். மாடில இருக்கானே, அந்தப் பயலோடது." சிப்பாய் மூங்கிலைச் சுவரில் சாத்துகிறான். கைலியை உருவி, நிதானமாக பூட்ஸைத் துடைக்கிறான். ராணுவக்காரர்கள் சிரிக்கிறார்கள். கீழ்வீட்டு ஜன்னலிலிருந்தும் வளையல் சத்தத்தோடு ஒரு சிரிப்பு கிளம்புகிறது. எய்ந்திராவின் விரல் ஃபோனின் நிறுத்தும் பொத்தானுக்குப் போகிறது. "நிறுத்திடவாக்கா?"

"நிறுத்தாதடி," என்கிறாள் நந்தார். "கீழ்வீட்டுச் சிரிப்பும் படத்துல விழட்டும்."