ஒரே பெல்ட்

இருபத்திரண்டாம் மாடியின் வெளிப்புறக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. அது வந்ததால் வேலையிழந்த மாசிலாமணியைத்தான் மேலாளர் அதை இறக்கக் கூப்பிட்டார்.

மொட்டைமாடியில் ஒரே ஒரு பாதுகாப்பு பெல்ட்தான் இருந்தது.

"அதை மெஷினுக்கு மாட்டுங்க. பெல்ட் இல்லாம விழுந்தா இன்சூரன்ஸ் கிடைக்காது," என்றார் மேலாளர்.

"அப்ப எனக்கு சார்?"

"உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கே!"

மாசிலாமணி தலையாட்டினார். சுவரைத் தாண்டியதும் பெல்ட்டைத் தன் இடுப்பிலேயே மாட்டிக்கொண்டு கயிற்றில் இறங்கினார். இயந்திரத்தைக் கழற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஐயோ, மெஷினைக் கீழ போட்டுடாதீங்க!" என்று மேலாளர் அலறினார்.

"பயப்படாதீங்க சார். நான் விழுந்தாத்தான் அது விழும்."

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, அவர் உயிருக்காக மேலாளர் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்.