றொசாந்தன் ஓட்டும் விமானம்

"அக்கா, இண்டைக்கே வெளிக்கிடுங்கோ. அடம்பனுக்கு, என்ர வீட்டுக்குப் போவம். இந்த வீட்டில இனி நீங்கள் தனிய இருக்க ஏலாது."

லோறன்ஸ் வாசலில் நின்றபடியே சொன்னான். பெற்றிசியா தம்பியை ஏறிட்டும் பார்க்கவில்லை. மடியில் கிடந்த ரிமோட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்கு ஞாயிறெல்லே. பின்னேரம் கடற்கரைக்குப் போகோணும். பிள்ளை வருவான்," என்றாள்.

அவள் சொன்ன பிள்ளை அவளுடைய மகன் றொசாந்தன். அவன் கடலோடு போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது.

பக்கத்து வீட்டு றஞ்சிதம் போனில் சொன்னது உண்மைதான் போல. "லோறன்ஸ், உன்ர அக்காவுக்குப் பேய் பிடிச்சிட்டுது. ஞாயிறு பின்னேரமானா அந்தப் பெரிய விமானம் தன்ர பாட்டில பறக்குது. பொடியன் செத்த கிழமை நிண்டுபோன மணிக்கூடும் திரும்ப ஓடுது. நான் என்ர பிள்ளையளை அந்தப் பக்கம் விடுறேல்லை."

அவன் சுவரைப் பார்த்தான். மணிக்கூடு டக் டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

விமானம் றொசாந்தனும் அவனுடைய சிநேகிதன் நௌஷாட்டும் சேர்ந்து செய்தது. மீன் போடுகிற ஐஸ் பெட்டிகளின் வெள்ளை றெஜிபோம் அட்டையை வெட்டி, மெல்லிய பலகை ஒட்டி, ஒன்பதடி இறக்கை. பற்றறியில் ஓடும் மோட்டர். ஓட்டுவது ரிமோட்டால். ஒருநாள் அது கடலில் விழ, எடுத்துவருகிறேன் என்று நீந்திப் போனான் றொசாந்தன். மறுநாள் விமானம் கரைக்கு வந்தது. அவன் வரவில்லை.

பொழுது சாயும் நேரம் அக்காவுக்குப் பின்னால் லோறன்ஸும் போனான். கடற்கரையில் ஒரு சனம் இல்லை. பேசாலையில் ஞாயிறு பின்னேரம் கடற்கரை வெறிச்சோடிக் கிடக்கிறது என்றால் ஊர் எவ்வளவு பயந்திருக்கும் என்று பாருங்கள்.

வலை வைக்கும் வாடிக்கு முன்னால் விமானம் தயாராக நின்றது. யார் கொண்டுவந்து வைத்தது?

பெற்றிசியா ரிமோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வா மகன்," என்றாள்.

விமானத்தின் விசிறி தானாகச் சுழன்றது.

லோறன்ஸ் வயலில் பாம்பைக் கண்டால் வாலைப் பிடித்து எறிகிற ஆள். அவனே அக்காவுக்குப் பின்னால் ஒதுங்கினான். விமானம் ஈர மணலில் ஓடி எழும்பிக் கடலுக்கு மேலே போனது. வளைந்து திரும்பி, அவர்கள் தலைக்கு மேலே தாழ வந்து, இறக்கையை அந்தப் பக்கம் ஒருதரம் இந்தப் பக்கம் ஒருதரம் ஆட்டியது. றொசாந்தன் தாயைக் கண்டால் அப்படித்தான் ஆட்டுவான்.

அக்காவின் கையைப் பார்த்தான். ஒரு விரலும் அசையவில்லை.

"யேசுவே!"

சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் அடிவைத்தவன், கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்தில் இடித்து விழுந்தான். விழுந்த இடத்தில்தான் கண்டான். வள்ளத்துக்குப் பின்னால் ஒருவன் குந்தியிருந்தான். அவன் கையில் இன்னொரு ரிமோட்.

"டேய் நௌஷாட்!" சட்டையைப் பிடிக்கக் கை நீட்டினான்.

"மாமா, இறக்கினாப் பிறகு அடியுங்கோ. இப்ப கை பட்டா விழுந்திடும்."

நௌஷாட்டின் கண் வானத்தை விட்டு விலகவில்லை. கன்னம் நனைந்திருந்தது.

விமானம் மெல்ல மணலில் இறங்கியது. லோறன்ஸ் அடிக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினான்.

"பிள்ளையைப் பறிகொடுத்தவளோடயாடா விளையாடுறாய்?"

"அண்டைக்கு ஓட்டினது நான், மாமா. கடல்ல விழுத்தினதும் நான். நான் போறன் எண்டன். உனக்கு நீச்சல் காணாது, நில் எண்டுபோட்டு அவன் பாய்ஞ்சவன்." ரிமோட்டை மணலில் வைத்தான். "பிறகொருநாள் அவன்ர அம்மா எங்கட வீட்டுக்கு வந்து, கதவுக்கு வெளியால நிண்டு சொன்னவ, றொசாந்தன் கனவில வந்தவனாம், ஞாயிறு விமானம் ஓட்ட வாறன் எண்டவனாம். வாடியைத் திறக்கிற திறப்பையும் கதவடியில வச்சிட்டுப் போனவ. அவ வந்து பாத்துக்கொண்டு நிக்க, அது பறக்காம இருந்தா என்ன பாடுபடுவா? சொல்லிப்போடாதேங்கோ மாமா. உண்மை தெரிஞ்சா அவ தாங்கமாட்டா."

"உன்ர பொய்யால ஊர் அவளைப் பேய் பிடிச்சவள் எண்டுது. நான் சொல்லத்தான் போறன்."

விறுவிறுவென்று நடந்து அக்காவிடம் வந்தான்.

"அக்கா, அந்த விமானத்தை ஓட்டுறது..."

"மெல்லக் கதை. அவனுக்குக் கேக்கப்போகுது."

லோறன்ஸ் வள்ளத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"நௌஷாட்டின்ர உம்மா வந்து அழுதவ," என்றாள் பெற்றிசியா. "பிள்ளை அறையை விட்டு வெளியால வாறானில்லை, சாப்பிடுறானில்லை, நானும் செத்திருக்கோணும் எண்டே சொல்லுறான் எண்டு. நான் கூப்பிட்டா என்ர முகத்தில முழிப்பானே? அதுதான் கனவு எண்டு ஒரு பொய் சொன்னன். இப்ப கிழமை முழுக்க வாடிக்குள்ள இருந்து அதைக் கழட்டிறான், பூட்டிறான். நேரத்துக்குச் சாப்பிடுறானாம்."

"ஊர் உங்களை என்னவெல்லாம் சொல்லுது, தெரியுமே?"

"சொல்லட்டும். ஒரு பிள்ளை போனது காணும்."

வள்ளத்தின் பக்கம் திரும்பாமல் நடந்தவள், ரிமோட்டைத் தம்பியிடம் நீட்டினாள். வாங்கியவனுக்கு அது வெறும் கூடுபோல இலேசாக இருந்தது.

"அதுக்குள்ள பற்றறி எங்க இருக்கு? எப்பவோ கழட்டி மணிக்கூட்டுக்குப் போட்டிட்டன்."