ஆறாவது ஆள்

சக்கர நாற்காலியில் இருப்பவர்களை ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் ஏற்றிச்செல்லும் அந்த ஓட்டுநரில்லா வண்டிக்கு, தினமும் ஆறு பேர் ஏறினால்தான் நிதி வரும். ரெக்சன் இறந்த பிறகு தூத்துக்குடி வண்டியில் ஐந்து பேரே மிஞ்சினார்கள். பதினோராம் நாள், அவனோடு போய்வந்த செல்வகனி தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு அவன் அம்மா பிலோமினாவிடம் வந்தாள்.

"அத்தை, நாளைக்கும் ஆறு பேரு இல்லன்னா வண்டிய நிறுத்திருவாவளாம். டயாலிசிஸுக்கு நான் எப்படிப் போவேன்?"

"அதுக்கு நான் என்னட்டி செய்ய? எம்புள்ள எந்திரிச்சு வருவானா?"

"அவன் பேரு இன்னும் வண்டியில இருக்கு. அவன் நாற்காலியில யாரு இருந்தாலும் அது அவன்னுதான் நினைக்கும்."

பிலோமினா அவளைத் திட்டி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை வண்டி வாசலில் நின்று சாய்வுப்பலகையை இறக்கியபோது, மகனின் நாற்காலியில் உட்கார்ந்து, சக்கரங்களைத் தானே தள்ளிக்கொண்டு ஏறினாள்.

"வாங்க ரெக்சன்," என்றது வண்டி. "எடை குறைஞ்சு ரொம்ப இளைச்சிட்டீங்க. உடம்புக்கு முடியலையா?"

உள்ளே இருந்த செல்வகனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இப்ப பரவால்ல," என்றாள் பிலோமினா.

கதவை மூடும் முன், ரெக்சனை வழியனுப்ப வாசலில் நின்ற பிலோமினாவிடம் தினமும் சொன்னதை வண்டி இன்றும் சொன்னது.

"அம்மா, பத்திரமாக் கூட்டிட்டுப் போறேன். நீங்க உள்ள போங்க."

வெறும் வாசலைப் பார்த்து, ரெக்சன் செய்வதுபோலவே அவள் கையசைத்தாள்.