புளிக்காத சோறு

"மூணு நாளாச்சுக்கா, தண்ணி ஊத்தி வெச்ச சோறு புளிக்கவே மாட்டேங்குது!"

திலகவதி சட்டியை நீட்டினாள். பக்கத்து வீட்டு ஏஞ்சல் குனிந்து முகர்ந்து பார்த்தாள். வாசனையே இல்லை. இப்போதுதான் வடித்தது போல் வெள்ளை வெளேரென்று மிதந்தது சோறு.

"அடிக்கிற வெயிலுக்கு ஒரே ராத்திரில நாறிப் போயிருக்கணுமேடி! இன்னாடி இது, பாக்கவே பயமா கீது."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டினாற்போல் இருந்தது அந்த வீடு. அங்கே வேலைக்கு நடந்தே போகலாம் என்று திலகவதியின் கணவன் அன்புராஜ் ஆசை ஆசையாகப் பிடித்த வீடு. பொங்கல் கழிந்து குடிவந்தார்கள். வந்ததிலிருந்து அவனுக்கு வயிறு சரியில்லை. எதைத் தின்றாலும் உப்புசம், பேதி. ஆள் பாதியாகிவிட்டான். இப்போது திலகவதிக்கும் ஆரம்பித்திருந்தது.

"மாத்திரை மட்டும் போதாதும்மா. வயித்துல இருக்கற நல்ல கிருமியெல்லாம் செத்துப் போச்சு. பழைய சோறு, மோர், நல்லா புளிச்ச மாவுல இட்லி குடு, தேறிடுவாரு" என்றார் புதுவாயல் டாக்டர்.

இவ்வளவு சுலபமான வைத்தியம், இந்த வீட்டில்தான் பலிக்கவில்லை. ராத்திரி கரைத்து வைத்த மாவும் காலையில் அசையாமல் பிணம் போலக் கிடந்தது.

"என் கையில ராசி இல்லன்னு மாமியாரு போன்ல திட்றாங்கக்கா."

"அதையும் பாத்துடலாம். எங்க ஊட்டுக்கு வந்து கரை."

கரைத்தாள். மறுநாள் காலை, ஏஞ்சல் வீட்டு மேடையெல்லாம் மாவு பொங்கி வழிந்திருந்தது. அதே அரிசி, அதே உளுந்து, அதே கை. சந்தோஷப்பட வேண்டிய திலகவதிக்கு உடம்பு சில்லிட்டது.

"அப்போ என் கை இல்லக்கா. ஊடுதான். ஊட்ல எதுவோ கீது."

ஏஞ்சல் அவளோடு வந்து வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "முன்னாடி இருந்தவங்களும் வயித்து வலின்னுதான்டி காலி பண்ணிக்கினு போனாங்க."

அந்த நேரம் ஷிஃப்ட் முடிந்து அன்புராஜ் வந்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டே.

"இந்த ஊடு வேணாங்க, பேய் இருக்குது" என்று திலகவதி அழுதேவிட்டாள்.

அவன் சிரித்தான். "பேய்க்கு இட்லி மாவு மேல இன்னாடி கோவம்?" என்றபடி குழாயைத் திறந்து சொம்பில் தண்ணீர் பிடித்தான்.

தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஏஞ்சல் திரும்பினாள்.

"பேயில்ல தம்பி. எங்க ஊட்ல கேன் தண்ணி. உங்க ஊட்ல போர் தண்ணி. நீங்க வந்ததுலேர்ந்து கழுவாத தொட்டி, பொட்டு பாசி கூட புடிக்கல பாரு. இந்தத் தண்ணில எந்த உசுரும் தங்காது போல."

வாய் வரை போன சொம்பு நின்றது. அன்புராஜின் முகம் வெளிறியது.

"இன்னாங்க?" என்று அவன் தோளை உலுக்கினாள் திலகவதி.

"கம்பெனி டேங்க்ல பாசி புடிக்காம இருக்க மருந்து ஊத்துவாங்க, திலகா. மீந்து போற மருந்த, செவுத்துக்கு அந்தாண்ட கீற பழைய போர்குழில தெனம் கவுத்துட்டு வர்றதே நான்தான்."