யாரும் போகாத காடு

"கை தூக்கினா போதும் அண்ணே. வாயைத் திறக்கவே வேண்டாம்" என்று மண்டப வாசலில் குந்திஸை மடக்கினாள் செல்மா.

அந்த லாத்விய ஊராட்சியில் பசுமைக் கட்சிக்கு இருந்த ஒரே உறுப்பினர் அவள்தான். ஏரிக்கரைக் காட்டை வெட்டி விற்க மற்றவர்கள் தீர்மானம் போட்டிருந்தார்கள். ஊரார் காளான் பறிக்கப் போகும் காடு என்று உறுதியானால் ஒரு மரத்தையும் தொட முடியாது. அதை விசாரிக்கத்தான் தலைநகர் ரீகாவிலிருந்து வன அதிகாரி இந்துலிஸ் வந்து, வாசலோரம் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"கை தூக்கினா, நாளைக்குக் காலையில ஊரே கூடையோட என் பின்னாடி வரும்" என்று முணுமுணுத்தார் குந்திஸ். "சோவியத்காரன் மிரட்டிக் கேட்டப்பவே எங்கப்பா காளான் முளைக்கிற இடத்தைச் சொல்லலை."

"காடே போயிட்டா இடத்தை வச்சு என்ன பண்ணுவீங்க?"

"அதுவும் சரிதான்" என்று தலையைச் சொறிந்தபடி உள்ளே போனார்.

அடுத்து வந்தவள் வெல்டா. கட்டின புருஷனுக்கே தன் காளான் இடத்தைக் காட்டாதவள். "பார்க்கலாம் செல்மா" என்று நழுவினாள்.

நாற்பது பேர் உட்கார்ந்ததும் இந்துலிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏரிக்கரைக் காட்டுல காளான் பறிக்கிறவங்க கை தூக்குங்க."

குந்திஸ் கூரையைப் பார்த்தார். வெல்டா மடியில் விழுந்த ரொட்டித் துணுக்கைப் பொறுக்கினாள். ஒரு கைகூட எழவில்லை. செல்மா மடியில் கோத்திருந்த விரல்களைப் பிரிக்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"அங்க என்னங்க இருக்கு, கொசுதான்" என்றார் குந்திஸ்.

"மருந்துக்குக்கூட ஒரு காளான் கிடையாது" என்றாள் வெல்டா அவசரமாக.

இந்துலிஸ் எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூட்டம் முடிந்தது. செல்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாவிகள், இடத்தை மறைக்கப் போய்க் காட்டையே பறிகொடுத்துவிட்டார்களே. ஓடிப்போய்க் காரருகே அதிகாரியை மறித்தாள்.

"சார், இவங்க பேச்சை நம்பி வெட்டச் சொல்லிடாதீங்க."

"வெட்டறதா? இதைப் படிங்க" என்று தாளை நீட்டினார். 'ஊரே காளான் பறிக்கும் காடு. வெட்ட அனுமதி இல்லை' என்றிருந்தது.

செல்மா இரண்டு முறை படித்தாள். "ஒருத்தருமே கை தூக்கலையே சார்?"

"நானும் இந்த நாட்டுக்காரன்தாம்மா. எங்கம்மா இன்னும் அவங்க இடத்தை எனக்கே காட்டலை. ஒண்ணும் விளையாத காடுன்னா, மறைக்க எதுவும் இல்லைன்னு காட்டைக் காப்பாத்த நாலு பேராவது சும்மா கை தூக்கியிருப்பாங்க." காரில் ஏறி உட்கார்ந்து சிரித்தார். "அப்பவும் கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு. வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரையா கை தூக்கச் சொல்லிக் கெஞ்சின நீங்களே தூக்கலை பாருங்க, அப்பத்தான் உறுதியாச்சு."