நாற்பதாவது நாள்

தூத்துக்குடியில் சிஸ்டர்கள் நடத்தும் அந்தத் தொடக்கப்பள்ளியில் சேர்ந்தால்தான் பெரிய கத்தோலிக்கப் பள்ளிக்குள் நுழைய முடியும். அந்த சீட்டுக்காக ஜெசிந்தாவின் வீட்டுச் சுவரில் நாற்பது நாளாகப் பள்ளி மாட்டிய ஒரு கருவி இருந்தது. குடும்பம் பேசுவதையும் ஜெபிப்பதையும் கேட்டு அது மதிப்பெண் போடும். அத்தனை நாளும் அவள் கணவன் கிளாடஸ் குரலை உயர்த்தவே இல்லை.

கடைசி நாள் வந்த சிஸ்டர், “சீட் கிடைச்ச மாதிரிதான்” என்று கருவியைக் கழற்றப் போனார்.

ஐந்து வயது மகள் மெரிட்டா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “எடுக்காதீங்க சிஸ்டர்! இது போச்சுன்னா அப்பா மறுபடியும் அம்மாவ அடிப்பாங்க.”

கருவி கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. கிளாடஸ் சிரிக்க முயன்றான். “பிள்ளை சும்மா சொல்லுது. ஜெசிந்தா, நீ சொல்லேன்.”

மெரிட்டா பிறந்ததிலிருந்து ஜெசிந்தா ஏங்கிய சீட் அது. ‘ஆமா, சும்மாதான்’ என்றால் போதும். மகளின் விரல்கள் சிஸ்டரின் கையை விடவே இல்லை.

“என் பிள்ளை பொய் சொல்லாது சிஸ்டர்” என்றாள்.

ஜூனில், ஜெசிந்தா தனியாக வாடகைக்குப் பிடித்த ஒற்றை அறைக்குப் பக்கத்தில், பங்குக் கோயில் நடத்தும் சிறிய பள்ளியில் மெரிட்டா சேர்ந்தாள். வீட்டில் யார் யார் என்று டீச்சர் கேட்டதும், “நானும் அம்மாவும் மட்டுந்தான்!” என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி கத்திச் சொன்னாள்.