வெள்ளைப் புள்ளி

குழந்தைகள் கண் மருத்துவர், மகிழினியின் இடது கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்ள கட்டி வளந்திருக்கும்மா. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவுல இந்தக் கண்ணு வெள்ளையா தெரிஞ்சிருக்குமே?"

"இல்லியே டாக்டர்," என்றாள் ராஜாத்தி. "மாசாமாசம் இவருதான் போட்டோ எடுப்பாரு. எல்லாத்துலயும் கண்ணு கன்னங்கரேல்னு கீது."

அவள் நீட்டிய படங்களைப் பார்த்து மருத்துவர் குழம்பினார்.

பக்கத்தில் நின்ற அவள் கணவன் பீம்ராவ், ராயபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். மகளின் கண்ணில் தெரிந்த வெள்ளைப் புள்ளியை, ஃபிளாஷ் கோளாறு என்று நினைத்து, ஒவ்வொரு படத்திலும் கம்ப்யூட்டரில் கறுப்பாக்கியவன்.

"இன்னாய்யா, பேசேன்," என்றாள் ராஜாத்தி.

"போன வாரம் ஸ்டூடியோவுக்கு வந்த ஒரு கொயந்தைக்கும் கண்ணுல இருந்த வெள்ளைய இப்டித்தான் அழிச்சேன்," என்றான். "யார் வூட்டுதுன்னு தெரியல."